இருபது செகண்டு பின்னால்

ஆரல்வாய்மொழியில் கரண்டு எடுக்கிற காற்றாடிக் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர்களில், சைக்கிளை ஓட்டியதைவிட அதிகமாகச் சுமந்தவர் அவர் ஒருவர்தான். பக்கத்திலேயே நல்ல தார் ரோடு கிடக்கும். அதில் ஏற மாட்டார். வரப்பு, வாய்க்கால் கரை, அறுத்துப்போட்ட வயல், முழங்கால் சேறு, இதுதான் அவருக்கு வழி. ஓட்ட முடியாத இடம் வந்தால் ஓடிக்கொண்டே இறங்கி, சைக்கிளைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தப்பக்கம் போய் ஓடிக்கொண்டே ஏறுவார். பார்க்கிறவனுக்கு ஒரு ஆள் களவாண்ட சைக்கிளோடு ஓடுகிறான் என்றுதான் தோன்றும். ஒருமுறை பூதப்பாண்டிப் பக்கம் இரண்டு பேர் அப்படித்தான் நினைத்து, விரட்டிப்போய் மறித்துப் பிடித்துவிட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியபிறகு ஆளைத் தெரிந்தது. "பொறத்தால நின்னு எவ்வளவு கூப்பிட்டோம் சார், ஒருக்கா திரும்பிப் பாத்திருந்தா விட்டிருப்போமே" என்றார்கள்.

அதுதான் அவர். திரும்பிப் பார்க்க மாட்டார்.

"திரும்பினா ஹேண்டிலும் கூடத் திரும்பும் மக்கா. வரப்புல அரை ஜாண் மாறினா சோலி முடிஞ்சுது" என்பார். சரி, சைக்கிளில் போகும்போது அப்படி என்று வைத்துக்கொள்வோம். ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எந்த ஹேண்டில் திரும்பப் போகிறது? பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டவன் நடந்து முன்னால் வந்து நின்றபிறகுதான் "என்ன மக்கா?" என்று கேட்பார். புதிதாக வந்த ஒரு இன்ஜினியர், இந்த ஆளுக்கு என்ன இத்தனை திமிர் என்று என்னிடமே கேட்டான். காற்றாடி டவரில் ஏறும்போது மற்றவர்களை முன்னால் ஏறவிட்டுக் கடைசியில்தான் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கடைசி பெஞ்சு. பைக்கில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு போகும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கியா?" என்று கேட்பார். அந்த அக்காவும் "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். ஒருநாள் விளையாட்டுக்குப் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தார்களாம். நட்டநடு ரோட்டில் பிரேக் போட்டு, இறங்கி, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அக்காவின் கையைத் தேடிப் பிடித்தாராம். பின்னால் வந்த பஸ்காரன் கன்னாபின்னாவென்று ஏசிவிட்டுப் போயிருக்கிறான். அதற்குப்பிறகு அக்கா அந்த விளையாட்டை விளையாடவில்லை.

இதையெல்லாம் நாங்கள் கேலியாகத்தான் பேசிக்கொண்டோம். எனக்கு இப்போது நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் ஓட்டியதற்குப் பெயர் சைக்கிளோகிராஸ். கம்பெனி அவரை டிரெயினிங்குக்காக ஒரு குளிர்நாட்டுக்கு இரண்டு மாதம் அனுப்பியிருக்கிறது. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தோட்டத்துக்குள் முந்நூறு பேர் மழையில் நனைந்துகொண்டு கத்துகிறார்களே என்று எட்டிப் பார்த்தாராம். ஆண்களும் பெண்களுமாக இருபது முப்பது பேர், தலைமுதல் கால்வரை சேறாக, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடுகிறார்கள். ஒரே வழியில் சுற்றிச் சுற்றி வர வேண்டும். குறுக்கே பலகை வைத்திருப்பார்கள், இறங்கித் தாண்ட வேண்டும். நல்ல கோட்டிக்காரக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். அடுத்த ஞாயிறு அவரே சீக்கிரமாகப் போய் முன்வரிசையில் நின்றிருக்கிறார்.

"மக்கா, அவனுவ வெள்ளத்தைப் பீச்சியடிச்சு, காசு செலவழிச்சு சேறு உண்டாக்குதானுவ. நமக்கு ஆவணி கழிஞ்சா ஊரு முழுக்கச் சும்மா கெடக்கு! இத விட்டுட்டு எவனாவது ரோட்டுல ஓட்டுவானா?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து வயது மனிதர், சீனியர் டெக்னீஷியன், கீழே இருபது பேர் அவர் சொல்கேட்டு வேலை செய்கிறார்கள். சேறு என்றதும் சின்னப்பிள்ளையாகிவிடுவார். கன்னிப்பூ நெல்லை அறுத்தபிறகு, கும்பப்பூவுக்கு உழத் தொடங்குவதற்குள் ஒரு மாதம் போல வயல் சும்மா கிடக்கும். வாய்க்காலில் தண்ணீரும் ஓடும். அந்த ஒரு மாதம்தான் அவருக்குப் பண்டிகை. மற்ற நாட்களில் காற்றாடிகளுக்கு நடுவே உள்ள பொட்டலில் சுற்றுவார். அதெல்லாம் அவர் கணக்கில் வராது.

வயல்காரர் ஒரு பெரியவர். "அறுத்த தாளு மண்ணுல மிதிபட்டா உரமாக்கும், நல்லா மிதியும். வரப்பை மட்டும் ஒடைச்சீருன்னா நீரே வந்து வெட்டணும்" என்று சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு முறையும் ஓட்டி முடித்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து, சிதைந்த வரப்பையெல்லாம் சேறு வைத்துப் பூசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். பந்தயக்காரனும் அவர்தான், கூலிக்காரனும் அவர்தான். போட்டி யாரோடு? யாருமில்லை. எனக்குத் தெரிந்து மாவட்டத்திலேயே அந்த விளையாட்டை விளையாடியவர் அவர் ஒருவர்தான். "ஒத்தைக்கு ஓடி ஒண்ணாவது வாறிய, குடுத்துவச்சவரு அண்ணாச்சி" என்று நான்தான் சொல்வேன். சிரிப்பார்.

நான் அங்கே ஸ்டோர் கீப்பர். போல்ட்டும் கிரீஸும் எடுத்துக்கொடுக்கிற வேலை. ஒரு புரட்டாசியில், "ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து ஒரு மணிக்கூறு இருப்பியா மக்கா? சுத்து எண்ணணும்" என்று கேட்டார். எனக்கு வேறு என்ன வெட்டிமுறிக்கிற வேலை? போனேன்.

பம்புசெட்டு அறை நிழலில் என்னை உட்காரவைத்து, ஒரு நோட்டும் பேனாவும் தந்தார். ஏழு சுற்று. ஒரு சுற்று ஏழெட்டு நிமிடம். என் முன்னாலிருந்து கிளம்பி, இரண்டு வயலைக் கடந்து, தென்னம்பலகைகளைத் தாண்டி, வாய்க்கால் கரையில் ஏறி, வாழைத்தோட்டத்துக்குப் பின்னால் மறைந்து, வளைந்து, வயல்வழியாகத் திரும்பி வர வேண்டும். வாழைத்தோட்டத்துக்குப் பின்னால் போனால் நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து தெரியாது. மறுபடி வெளியே வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் வயல் வெறிச்சென்று கிடக்கும்.

முதல் சுற்று முடிந்து என்னைத் தாண்டும்போது, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"பின்னால ஆளு உண்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரவாயில்லையே, மனிதருக்கு நகைச்சுவையும் உண்டு என்று நினைத்தேன். நானும் விடுவேனா? எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்தினேன்.

"உண்டு உண்டு! இருவது செகண்டு! விடாதீங்க அண்ணாச்சி!"

அவர் சீட்டிலிருந்து எழுந்து மிதித்தார். அப்படி ஒரு மிதி. அந்தச் சுற்று முந்தியதைவிட நாற்பது செகண்டு குறைவு. ஓட்டி முடித்து, சேற்றைக் கழுவி, நோட்டை வாங்கிப் பார்த்தார். இருபது செகண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றுமுதல் அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் கேட்பார், நான் சொல்வேன். பத்து, பதினைந்து, சில நாள் முப்பது. பெரும்பாலும் இருபதுதான். கைத்திறன் வந்துவிட்டது எனக்கு. அவர் சோர்ந்தால் குறைப்பேன், மூச்சு வாங்கினால் கூட்டுவேன். ஒரு மனிதரை என் வாயால் ஓட்டுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. மடத்தனத்துக்கு அளவே இல்லை.

அடுத்த வருடம் ஒரு ஞாயிறு மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். அவர் பின்பக்கம் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா எனக்குப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள்.

"மக்களே, ஒண்ணு கேக்கட்டா? நீ வயலுல நின்னு இருவதுன்னு சொல்லுதியாமே?"

"சும்மா விளையாட்டுக்கு அக்கா."

"அவரு வீட்டுல வந்து சொல்லுதாரு. 'இன்னைக்கு இருவதுக்குள்ள வந்துட்டான்'னு. 'நல்லா தேறிட்டான், அடுத்த வருசம் என்னைத் தாண்டீருவான்'னு. சாப்பிட்டுட்டு இருக்கும்போ சொல்லுதாரு."

நான் கையிலிருந்த மரச்சீனியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். யார் தேறிவிட்டான் என்று கேட்டேன். அக்கா சொன்னார்கள்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். வாய்க்காலில் விழுந்து இறந்துபோனான் என்ற அளவுக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது. எப்படி விழுந்தான் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த கையோடு இவர் சைக்கிளோகிராஸ் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் அவன்தான். இரண்டு பேரும் அதே வயலில், அதே வழியில் ஏழு சுற்று போட்டிபோட்டு ஓட்டுவார்கள். எண்ணுவதற்கு ஆள் கிடையாது. அன்று இவர் முன்னால், அவன் பின்னால். வாழைத்தோட்டத்துக்குப் பின்னால் வாய்க்கால் வளைகிற இடத்தில் அவன் சறுக்கி உள்ளே விழுந்திருக்கிறான். மண்டை கல்லில் அடித்து, ஒரு முழம் தண்ணீரில் குப்புறக் கிடந்திருக்கிறான். கரை மேட்டில் போகிறவருக்குக் கீழே கோரைக்குள் கிடப்பது தெரியாது. இவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பின்னாலேயே வருகிறான் என்று நினைத்து ஓட்டியிருக்கிறார்.

"ரெண்டாவது சுத்துலயே விழுந்திருக்கான் மக்களே, கையில கெட்டுன வாச்சு அந்த நேரத்துல ஒடைஞ்சு நின்னிருந்துது. பொறவு அஞ்சு சுத்து. என் கொழுந்தன் கெடந்த எடத்தைத் தாண்டி இவரு அஞ்சு தடவ போயிருக்காரு. எல்லாம் முடிச்சுட்டு, ரெண்டு டம்ளருல மோரு ஊத்தி வச்சுட்டு அவனைக் காத்துட்டு இருந்திருக்காரு. பின்னால ஆளு இல்லன்னு சொல்ல ஒருத்தன் இருந்தா அவன் சாவமாட்டான், அதுதான் அவரு எப்பவும் சொல்லுதது. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டாரு. நீ என்னன்னா..."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி சொல்லாத மக்களே. ஆளு இல்லன்னு சொல்லு. அதுதானே நெசம்?" என்று மட்டும் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு சொன்னேன். முதல் சுற்று முடிந்து வந்தார். "பின்னால ஆளு உண்டா?" "இல்ல அண்ணாச்சி. ஆருமில்ல" என்றேன்.

அவர் வேகம் குறையவில்லை. நேரே போனார், பலகையைத் தாண்டினார், கரையில் ஏறினார், வாழைக்குப் பின்னால் மறைந்தார். திரும்பி வரவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஓடினேன். வளைவில் சைக்கிள் கிடந்தது. அவர் வாய்க்காலுக்குள் இறங்கி, இடுப்பை வளைத்து, கோரையை இரண்டு கையாலும் விலக்கி விலக்கித் தேடிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டது காதில் விழவே இல்லை. அந்தக் கரையில் நூறடி தூரத்துக்குக் கோரையெல்லாம் விலகிக் கிடந்தது. எனக்கு அப்படி ஒரு வெப்ராளம், பதற்றம். உள்ளே இறங்கி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். வெயில் ஏறும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்துபோய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பைப் பூசப் போய்விட்டார்.

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்வேன்? அதற்கடுத்த வாரம் "இருவது" என்றேன். எழுந்து நின்று மிதித்தார். அக்காவுக்குத் தெரிந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்படியே இரண்டு வருடம் ஓடியது. நான் சொல்கிறவரை அவன் உயிரோடு பின்னால் வந்துகொண்டிருப்பான் என்று எனக்கே ஒரு பைத்தியக்கார எண்ணம் பிடித்துக்கொண்டது. வாழைத்தோட்டத்துக்கு வெளியே அவர் வந்தபிறகு, இருபது எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்த வெறும் வயலைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். அதனால் நாளாக நாளாகப் பார்க்காமலே சொல்லப் பழகினேன்.

அப்போதுதான் அவருக்கு உண்மையான ஒரு பந்தயம் நடத்தினால் என்ன என்று தோன்றியது. நோட்டீஸ் அடித்தார். இன்ஜினியரிங் கல்லூரிப் பையன்கள் ஐந்து பேர் வந்தார்கள். கொட்டாரத்திலிருந்து ஒரு பி.டி. டீச்சர் வந்தாள். முப்பது வயதிருக்கும். நல்ல சிரிப்புக்காரி. வந்ததும் வராததுமாக, "சார், கடைசியா வந்தா மெடலு உண்டுமா? உண்டும்னா இப்பவே தந்துருங்க, எதுக்கு வெறுதே ஓடணும்?" என்றாள். அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. முந்தின நாள் முழுக்க அவளுக்கும் பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். "எறங்கணும்னு தோணுததுக்கு முந்தியே எறங்கீரணும். பலகை வந்தபொறவு யோசிக்கப்பிடாது. அந்த வளவுல விழாதவன் கெடையாது. விழுந்தா வயலு பக்கம் விழணும், கேட்டியா? வாய்க்காலு பக்கம் சாயவே பிடாது." வளைவில் மூங்கில் நட்டுக் கயிறும் கட்டினார். கட்டிய கயிற்றைப் பத்துத்தடவை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை புறப்படுவதற்கு முன்னால் என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "இன்னைக்குப் பின்னால நெசமா ஆளு உண்டு மக்கா" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இனி நான் பொய் சொல்ல வேண்டாமே.

பையன்கள் முதல் சுற்றிலேயே பறந்துவிட்டார்கள். அவர் ஆறாவது, டீச்சர் ஏழாவது. "பின்னால?" என்று கேட்டபோது, மூன்று வருடத்தில் முதல்தடவையாகப் பார்த்துச் சொன்னேன். "பத்து! டீச்சராக்கும்!" இரண்டாவது சுற்றில் எட்டு. மூன்றாவதில் அவரை ஒட்டிக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்து, "சாருக்கிட்ட பைய போகச் சொல்லுங்க அண்ணே!" என்று கத்தினாள். சிரித்துக்கொண்டே போனாள்.

நாலாவது சுற்றில் எனக்கு வேலை குழம்பிவிட்டது. முன்னால் போன பையன்கள் ஒரு சுற்று முந்திக்கொண்டு இவர்களோடு கலந்து வந்தார்கள். எல்லோர் முகமும் சேறு, நம்பர் தெரியவில்லை. யார் எத்தனையாவது சுற்று என்று நோட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். "பின்னால?" என்று அவர் குரல். "இருவது" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மூன்று வருடப் பழக்கம்.

ஐந்தாவது சுற்றிலும் கேட்டார். ஐந்தாவது சுற்றிலும் நான் குனிந்துதான் இருந்தேன். "இருவது."

சட்டென்று ஏதோ நின்றது போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பலகைக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். சைக்கிள் தோளில் இருந்தது. பையன்கள் இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் திரும்பி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, சுற்றுவழியெல்லாம் விட்டு, வயலுக்குக் குறுக்கே வாழைத்தோட்டத்தைப் பார்த்து ஓடினார். அப்போதுதான் நானும் வயலைப் பார்த்தேன். டீச்சரைக் காணவில்லை. நோட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வளைவில் கயிறு கட்டியபடியே இருந்தது, அதற்கு அடியிலேயே சைக்கிளோடு சறுக்கி உள்ளே போயிருக்கிறாள். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் வாய்க்காலில் குதித்து, கோரைக்குள்ளிருந்து அவளைத் தூக்கிவிட்டார். ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்திருக்கிறாள். தண்ணீர் வாய்மட்டத்துக்கு வந்திருக்கிறது. தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. குப்புறப் போட்டு முதுகில் தட்டியதும் வெள்ளம் கக்கினாள், இருமினாள், அம்மா என்று அழுதாள். தோளெலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. பையன்கள் ஜீப்பைக் கொண்டுவந்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கிடைத்திருக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

ஜீப் போனபிறகு வயலில் நாங்கள் இரண்டுபேர்தான். அவர் வரப்பில் உட்கார்ந்தார். நான் நின்றேன். உட்கார எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

"நாலாவது சுத்துல இருவதுன்னியே மக்கா."

"பாக்காமச் சொன்னேன் அண்ணாச்சி."

"அஞ்சாவது சுத்துல?"

"அதும் பாக்கல்ல."

நான் அழுதுவிட்டேன். மன்னிச்சிரணும் அண்ணாச்சி, எல்லா நாளும் பொய்தான் சொன்னேன், ஒருநாளும் ஆள் இல்லை என்று என்னென்னவோ உளறினேன். அவருக்குக் கோபம் இல்லை. காலைக் கையால் வழித்துச் சேற்றை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதா? பின்னால ஆளு வந்தா சத்தம் கேக்கும் மக்கா. சக்கரம் டிக் டிக்குன்னு அடிக்கும். மூச்சு கேக்கும். மூணு வருசமா நீ நம்பரு சொல்லுத, எனக்குச் சத்தமே கேக்கல்ல. தெரிஞ்சேதான் கேட்டேன். இன்னைக்குத்தான் சத்தம் கேட்டுது. மூணு சுத்தும் கேட்டுது. பொறவு நின்னுபோச்சு. நீ இருவதுங்குத, என் காதுல ஒண்ணும் இல்ல."

"அதான் திரும்பினியளா?"

ஆமாம் என்று தலையாட்டினார். வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் சொல்கிற மாதிரியே இல்லாமல் சொன்னார்.

"அன்னைக்கும் நின்னுது."

எனக்கு முதலில் புரியவில்லை.

"தம்பிக்கச் சத்தம். ரெண்டாவது சுத்துல, அந்த வளவு கழிஞ்சதும் சடக்குன்னு நின்னுது. எனக்குக் கேட்டுது மக்கா. ஆருகிட்டயும் சொன்னதில்ல. நல்லாக் கேட்டுது. அவன் எப்பவும் ஒட்டிட்டே வந்து கடைசியில என்னைத் தாண்டிப் போவான். ஒருநாளும் நான் ஜெயிச்சதில்ல. அன்னைக்குச் சத்தம் நின்னதும், அவனைக் கழட்டி விட்டாச்சுடேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அஞ்சு சுத்தும் சிரிச்சுட்டே ஓட்டினேன்."

அதைச் சொல்லிவிட்டு எழுந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, உடைந்த வரப்பைப் பூசப் போனார். நான் அவர் பின்னால் போகவில்லை.

சாயங்காலம் அக்கா போன் செய்தார்கள். வந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், வயலில் என்ன நடந்தது, ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்கள்.

"டீச்சரு விழுந்த பயத்துல இருக்காரு அக்கா. வேற ஒண்ணும் சொல்லல்ல" என்றேன்.

அந்த மாதமே அவர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அக்கா வருடத்தில் ஒருமுறை, கிறிஸ்துமசுக்கு, போன் செய்வார்கள். அவர் சைக்கிளைத் தொடுவதே இல்லையாம். ஒவ்வொருமுறையும், "அன்னைக்கு உங்கிட்ட என்னமோ சொல்லியிருக்காரு மக்களே, எனக்குத் தெரியும், சொல்லு" என்பார்கள். ஒவ்வொருமுறையும் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் சொல்கிறேன்.